தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து

காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரச் சொன்னது அஜீசுன்னிசா சிஸ்டர்தான். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அவள் இருபது வருஷமாக நர்ஸ். புதன்கிழமை அங்கே தடுப்பூசி நாள். குழந்தைகள் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது நமக்குக் கேட்காது. ரகசியம் பேச வாரத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது என்பது சிஸ்டருடைய அனுபவம்.

மோகனப்ரியா காலண்டரைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்து எடுத்துவந்திருந்தாள். கருவாட்டு மண்டியில் பொங்கலுக்குக் கொடுத்தது. மேல் பாதியில் அங்காளம்மன் சூலத்தோடு நிற்பாள், கீழ்ப் பாதியில் தேதி. மார்ச் ஆறாம் தேதியைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். பதின்மூன்றிலிருந்து இருபத்துநாலு வரை சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். மாமியார் பச்சையம்மாவிடம் அது கேஸ் சிலிண்டர் கணக்கு என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரு சிலிண்டருக்கு எதற்குப் பன்னிரண்டு பெருக்கல் குறி என்று அந்த அம்மா இதுவரை கேட்டதில்லை.

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த மாசம் ஆறாந்தேதியா வந்துச்சி?"

"ஆமா சிஸ்டர்."

"ரெண்டாந்தேதி இங்க வந்து வயித்து வலின்னு மாத்திர வாங்கிகினு போனியே. நான்தான குட்த்தேன். ரிஜிஸ்தர்ல கீதே."

"அது வந்ததுனாலதான சிஸ்டர் வலிச்சிச்சி."

"அப்போ வந்தது ரெண்டாந்தேதி."

"வந்தது ரெண்டாந்தேதிதான். தலைக்கு ஊத்திகினது ஆறாந்தேதி."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தாள். "நீ தலைக்கு ஊத்திகினதுலேர்ந்தா எண்ணுற?"

"வேற எப்டி எண்ணுறது? அதுவரிக்கும் காலண்டர நான் தொடமாட்டேனே. அம்மன் படம் கீது, பக்கத்துலயே சாமி மாடம் கீது. தலைக்கு ஊத்திகினு, வெளக்கேத்தி, அப்பாலதான் வட்டம் போடுவேன்."

இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவர்கள் தெருவில் அந்த நாலு நாள் எந்தக் கணக்கிலும் வராது. பெண் தனிப் பாயில் படுப்பாள், தனித் தட்டில் சாப்பிடுவாள், வலையைத் தாண்டமாட்டாள், புருஷன் படகுக்கு எடுத்துப்போகிற பையைத் தொடமாட்டாள். ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தால்தான் அவளுக்கு மாதம் பிறக்கும். யார் நாள் கேட்டாலும் அங்கிருந்துதான் எண்ணிச் சொல்வார்கள். சிஸ்டருக்கு இந்தத் தெரு இருபது வருஷப் பழக்கம், இது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"நான் உனுக்கு இன்னா சொன்னேன்? ரத்தம் பட்டுச்சே, அன்னிக்கு ஒண்ணு. எட்டாம் நாள்லேர்ந்து பத்தொம்பதாம் நாள் வரிக்கும் கிட்ட வரக்கூடாது. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும்கூட ஆணுறை பாக்கெட்டு இல்லாம கூடாதுன்னேன்."

"எட்டுலேர்ந்து நான் கரீக்டாதான இருந்தேன்."

"உன் புருஷன் தீபன் என்னிக்கு கடலுக்குப் போனான்?"

"பதிமூணு காலையில."

"பன்னெண்டாந்தேதி?"

எதிரே ஒரு குழந்தை தொடையில் ஊசி வாங்கிக்கொண்டு மூச்சடைக்க அழுதது.

"பாக்கெட்டு?"

"ஏழாம் நாள்தானன்னு... நான்தான் சிஸ்டர் வேணாம்னேன். இன்னிக்கு பயமில்லய்யான்னு நான்தான் சொன்னேன்."

"ஏழு இல்லமா. அது பதினொண்ணு."

ப்ரியாவுக்குக் கை குளிர்ந்துபோனது. காலை ஐந்தரையிலிருந்து மீன் வெட்டி ஐஸ் தண்ணீரில் கிடந்த கைதான், ஆனால் இது வேறு குளிர். சிஸ்டர் விடாமல் கேட்டாள். உடம்பில் அடையாளம் எதுவும் பார்க்கவில்லையா? முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று, இரண்டு விரலில் வைத்தால் நூலாக இழுக்குமே, அது?

"பார்த்தேன்." குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு மத்தியானமே பார்த்தேன். மீன் வெட்ட குந்தினா இடுப்புக்குக் கீழ பூரா தண்ணிதான, அதுவா இருக்கும்னு வுட்டுட்டேன். அப்பாலயும் சந்தேகமாதான் இருந்துச்சி. காலண்டர்ல பார்த்தா ஏழுன்னு கீது. காலண்டர்ல இல்லாதது எப்டி வரும்னு..."

உடம்பு சொன்னதை விட்டுவிட்டுக் காகிதம் சொன்னதை நம்பியிருக்கிறாள். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனவர்களுக்குக் காகிதத்தின் மேல் இருக்கிற மரியாதை நமக்குப் புரியாது.

"மூணு நாளுக்குள்ள வந்திருந்தா ஒரு மாத்திரயில முடிஞ்சிருக்கும். இன்னிக்கி பதினெட்டு." சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இப்போ காத்துகினு கீறதுதான். முப்பதாந்தேதிக்குள்ள வரணும். வரலன்னா ரெண்டு நாள் பாரு. ஏப்ரல் ரெண்டாந்தேதி காலையில இங்க வா, நானே டெஸ்ட் பண்றேன். தங்கியிருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரில வழி கீது, நான் கூட வரேன். மெடிக்கல்ல போய் எதையும் வாங்கி முழுங்காத. தலவலி, கண்ணு மங்கல், கால் வீக்கம்னா அன்னிக்கே ஓடியா. கேக்குதா?"

ப்ரியாவுக்குக் கேட்டது ஏப்ரல் இரண்டு மட்டும்தான்.

*

போன வருஷம் ஜூன் மாதம் நடந்தது. ஏழாம் மாதம் அவளுக்கு. காலையிலிருந்தே தலைவலி, வெயில் என்று நினைத்தாள். கால் வீங்கியிருந்தது, நாள் முழுக்க ஈரத்தில் இருப்பதால் என்று நினைத்தாள். மதியம் வரை காசிமேட்டில் உட்கார்ந்து இருபது கிலோ சங்கரா மீன் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு, சோற்றுப் பானையை இறக்கும்போது கண்ணுக்குள் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்ததாம். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். மீதியை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள். வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. நாலு வயது மகள் அம்மு, அம்மா விளையாடுகிறாள் என்று முதலில் சிரித்தது. பச்சையம்மா அவள் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தாள், பிறகு ஆட்டோ பிடித்தாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் ஆட்டோ அரை மணி நேரம் நகரவில்லை. அந்த அரை மணியில் இன்னும் இரண்டு தடவை இழுத்தது.

ஆறாம் நாள்தான் கண் விழித்தாள். வயிற்றில் தையல் இருந்தது, குழந்தை இல்லை. ஆண் குழந்தை. தீபன் கடலிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புதைக்க மட்டும் அவன் இருந்தான்.

"ரெண்டு வருஷத்துக்குக் குழந்தை கூடாது" என்றார் டாக்டர். "அதுக்கப்புறமும் யோசிச்சுதான். மறுபடி இதுமாதிரி வந்தா இவங்களைத் திருப்பிக் கொடுப்பேன்னு நான் சொல்ல முடியாது."

கர்ப்பப்பையில் லூப் வைத்தார்கள், முப்பது நாள் நிற்காமல் ரத்தம் பட்டது, எடுத்துவிட்டார்கள். மாத்திரைக்கும் ஊசிக்கும் பிரஷர் இடம் கொடுக்கவில்லை. பெண்ணுக்குச் செய்கிற ஆபரேஷனுக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். தேறினாலும் பச்சையம்மா விடுவதாக இல்லை. ஒற்றைப் பொண்ணோடு குடும்பத்தை மூடிவிடுவதா என்பது அவள் கேள்வி. அப்படித்தான் கடைசியில் சிஸ்டர் தருகிற பாக்கெட்டும் இந்தக் கணக்கும் வந்து சேர்ந்தன. பாக்கெட்டை அரிசி டிரம்மின் அடியில் ஒளித்துவைக்க வேண்டும். ஒற்றை அறை வீடு. டிரம்மைத் திறந்தால் மூடி கணீரென்று பேசும். பயமில்லாத நாள் என்று ஏழு நாள் கிடைத்தபோது அவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

பன்னிரண்டு நாள் காத்திருப்பது பெரிய விஷயமில்லை என்று சொல்கிறவர்கள் காத்திருந்து பார்க்கவேண்டும்.

காசிமேட்டில் மீன் வெட்டுகிற பெண்கள் அரிவாள்மனையைக் காலில் இடுக்கிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். ஏலத்தில் மீன் வாங்கி வருகிறவர்கள் கூடையை முன்னால் கொட்டுவார்கள். செதில், செவுள், குடல் என்று கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், வாய் தன்பாட்டுக்கு. மார்ச் கடைசியில் எட்டு மணிக்கே தகரக் கூரை கொதிக்கும். ப்ரியாவுக்குப் பக்கத்து இடம் தேசம்மாவுடையது. ஐம்பது வயது, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், வாய் மட்டும் ஓயாது.

"இன்னாடி, ஒரு கொடுவாவ வெச்சிகினு அரை அவராவா தடவிகினு கீற? அத்த வெட்டப் போறியா, கட்டிக்கப் போறியா?"

ப்ரியா சிரிக்கவில்லை. தேசம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தாள்.

"எத்தினி நாள் ஆவுது?"

"இன்னும் தள்ளிப் போவல. ஆனா தங்கியிருக்குமோன்னு பயமா கீதுக்கா."

"தள்ளியே போவல, அதுக்குள்ள இன்னாத்துக்கு மெர்சலாவுற?"

"கணக்கு தப்பிடுச்சி."

"உன் கணக்க தூக்கி ஒடப்புல போடு. நாங்க எல்லாம் கணக்கு போட்டா பெத்தோம்? எள்ளும் வெல்லமும் துன்னு. பப்பாளிக் காய் துன்னு. அதுக்கும் அடங்கலன்னா மெடிக்கல்ல ஒரு மாத்திர விக்கிறான், நான் வாங்கியாரேன்."

"சிஸ்டர் மாத்திர வேணாம்னாங்க."

"அவ சொல்லுவா. படுறது யாரு?"

மாத்திரை வேண்டாம் என்பதில் ப்ரியா உறுதியாக இருந்தாள். ஆனால் திரும்பி வரும்போது எள்ளுருண்டை நாலு வாங்கி நின்ற இடத்திலேயே தின்றாள். தின்ற பிறகு, இதனால் பிரஷர் ஏறுமோ என்று அதற்கு வேறு பயந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

உடம்பைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தது நல்லதுதான். ஆனால் கவனிக்கப் பழகிவிட்ட பிறகு அதை நிறுத்த முடியவில்லை. மார்பு வலித்தது. வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் வலிக்கும், தங்கிவிட்டாலும் அப்படித்தான் வலிக்கும். இடுப்பு கனத்தது, அதற்கும் அப்படியே. தூக்கம் வந்தால் பயம், வராவிட்டால் பயம். கருவாடு வறுக்கிற வாசனை குமட்டியது, ஆனால் மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் யாருக்குத்தான் குமட்டாது? கால் வீங்கியிருக்கிறதா என்று ஒரு மணிக்கு ஒரு தரம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தால் நீர். விழவில்லை. மறுபடி அழுத்தினாள்.

சிஸ்டர் கொடுத்த தெர்மாமீட்டரை மூன்று மாதமாக ஒழுங்காக வைக்காதவள் இப்போது தினம் எழுந்திருக்கும் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கருமுட்டை வெடித்த பிறகு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறும், மாதம் வரப்போகும்போது இறங்கும், தங்கிவிட்டால் இறங்காது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். இருபத்தெட்டாம் தேதி இறங்கவில்லை. இருபத்தொன்பது இறங்கவில்லை. முப்பதாம் தேதி காலை அதே எண் நின்றது. வேலைக்கு நடுவில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனாள். ஒன்றுமில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் பச்சையம்மா சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். பையிலிருந்து வெண்டைக்காய், தக்காளி, கடைசியாக ஒரு கிளிமூக்கு மாங்காய். அதைக் கழுவி, கீறி, உப்பில்லாமல் மிளகாய்த்தூள் மட்டும் தடவி, தட்டில் வைத்து ப்ரியாவின் முன்னால் நகர்த்தினாள்.

ப்ரியா தட்டைப் பார்த்தாள். அவள் மட்டும் எண்ணவில்லை, மாமியாரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்த மாதம் தனிப் பாய் விரிக்க இன்னும் நேரம் வரவில்லை என்பது ஒற்றை அறை வீட்டில் யாருக்குத் தெரியாமல் போகும்?

"எனுக்கு இது வேணாம் அத்த."

"துன்னு. வாய்க்கு நல்லா இருக்கும்."

"அத்த, டாக்டரு இன்னா சொன்னாருன்னு உனுக்கும் தெரியும்."

பச்சையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எனுக்கு மட்டும் பயமில்லியா? அன்னிக்கு ஆட்டோல உன் தலைய மடியில வெச்சிகினு வந்தவ நான். உன் நாக்க நீ கட்ச்சிக்கக் கூடாதுன்னு என் வெரல உன் வாயில குட்த்தவ நான். இங்க பாரு." ஆள்காட்டி விரலில் தழும்பு இருந்தது. "ஆனா வந்துட்டா இன்னா பண்றது? அம்மன் எடுத்துகினதத் திருப்பிக் குடுத்தா வேணாம்னு சொல்றதா? இந்த தபா ஒழுங்கா மருந்து துன்னலாம். நீ வேலைக்கே போவ வேணாம். நான் போய் குந்தி வெட்டறேன்."

அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னாள். ப்ரியாவுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. எதிரி என்றால் சண்டை போட்டுவிடலாம். மாங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து அம்முவிடம் கொடுத்தாள். பிள்ளை புளிப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றது. நான் போய்விட்டால் இதற்கு யார் தலை வாருவார்கள் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டாள்.

*

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை படகு வந்துவிட்டது. பத்தொன்பது நாள் நடை. தீபன் மீனை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்தான். முதுகு கருத்து உரிந்திருந்தது. கையில் வீட்டுக்கென்று ஒரு வஞ்சிரம். தடைக்காலம் வர இன்னும் இரண்டு வாரம்தான். அதற்கு முன்னால் இன்னொரு நடை, மூன்றாம் தேதி ஐஸ் ஏற்றுவதாகப் பேச்சு. தடைக்காலம் வந்துவிட்டால் அறுபத்தொரு நாள் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்க அரசாங்கம் கொடுக்கிற அவகாசம். அறுபத்தொரு நாளும் ஆண்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.

பச்சையம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எதற்கு என்று ப்ரியாவுக்குத் தெரியும். அம்மு பால்வாடியில். மின்சாரம் நின்று ஃபேன் ஓடவில்லை. அவன் சோற்றைப் பிசைந்தான், அவள் விசிறிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, மூஞ்சி ஏன் இப்டி கீது? அம்மா எதுனா சொல்லிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. பத்தொம்பது நாள் கழிச்சி வரேன், ஒரு சிரிப்பக் காணோம். இன்னா பேஜாரு?"

விசிறி நின்றது.

"காலையில தேசம்மா வந்து உன் படகு வந்துடுச்சின்னு சொல்லிச்சி. எனுக்கு சந்தோசமே வரலய்யா."

"ஏன்?"

"இந்தத் தெருவுல கீறவ எல்லாம் புருஷன் கடலுக்குப் போனாதான் பயப்படுறா. எனுக்கு நீ வூட்டுக்கு வந்தாதான் பயமா கீது."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். இவ்வளவு நாள் தனக்குள்கூட அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. தீபனின் கை தட்டிலேயே நின்றது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் தேதி, ஆறாம் தேதி, வட்டம், பன்னிரண்டாம் தேதி, நூலாக இழுத்தது, தெர்மாமீட்டர், மாங்காய். "நான்தான்யா பயமில்லன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்."

"ஆமா, நீதான சொன்னே" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"எத்தினி நாள் தள்ளிப் போயிருக்கு?"

"ரெண்டு நாளு."

"அந்த மாதிரி தலவலி எதுனா..."

"இல்ல. இப்போ இல்ல. அது அப்பாலதான் வரும்."

தட்டில் கையைக் கழுவினான். வஞ்சிரத் துண்டு அப்படியே கிடந்தது. எழுந்து போய் வெளியே மாடியின் பொது வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பெரிய அலைக்கு அசராத ஆள், புயலில் நங்கூரம் அறுந்தபோது கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தியவன் என்று படகில் சொல்வார்கள். அவன் பிடித்த கம்பியை விடாமல் நிற்பதைப் ப்ரியா உள்ளே இருந்தே பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான். "படகு டிரைவராண்ட சொல்ட்டு வரேன். இந்த நடைக்கு நான் போவல. நாளிக்கு நானும் வரேன்."

அன்றைக்கு இரவு அவன் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தான். ஏன் என்று பச்சையம்மா கேட்டதற்குப் புழுக்கம் என்றான்.

*

இரண்டாம் தேதி காலை அவள் தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை என்பதால் ஆஸ்பத்திரியில் கூச்சல் இல்லை. மாதச் செக்கப்புக்கு வந்த கர்ப்பிணிகள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தீபன் மட்டும்தான் ஆண். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த போலியோ படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சிஸ்டர் ப்ரியாவின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்தாள்.

"பாதி இருந்தா போதும். போ."

பத்து நிமிஷம் ஆனது. கதவு திறக்கவில்லை. சிஸ்டர் இரண்டு பேருக்கு எடை பார்த்து முடித்தாள். தீபன் ஒரு முறை கதவு வரை போய்த் திரும்பினான். பெண்கள் கழிப்பறை, தட்டவும் முடியாது.

ப்ரியா வெளியே வந்தாள். கையில் கப் காலியாக இருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர், மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. நேராக வந்து பெஞ்சில் விழுந்தாள்.

தீபன் அதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "சிஸ்டர், இன்னா வோணா பண்ணுங்க. எங்க வோணா கையெழுத்து போடறேன். எனுக்குக் கொயந்த வேணாம், இவ போதும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே இட்டுகினு போலாம், எங்கம்மாவ நான் பார்த்துக்கறேன்..."

"இருய்யா, இரு." சிஸ்டர் குனிந்து ப்ரியாவின் முகத்தை நிமிர்த்தினாள். "இன்னாமா?"

"வந்துடுச்சி" என்றாள் ப்ரியா. "இப்பதான். வந்துடுச்சி சிஸ்டர்."

சிஸ்டர் கப்பை வாங்கி வைத்துவிட்டு அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ப்ரியா தேம்பித் தேம்பி அழுதாள். பிழைத்துவிட்ட சந்தோஷம்தான். அதோடு, இந்தப் பதினைந்து நாளில் என்றோ ஒரு நொடி, இருந்தால் ஆணாக இருக்குமோ என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு நொடிக்கும் சேர்த்துத்தான் அழுதாள். அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

தீபனுக்கு விஷயம் மண்டையில் ஏற நேரம் பிடித்தது. ஏறியதும் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். போகலாம் என்று ப்ரியா எழுந்தாள். அவன் நகரவில்லை.

"சிஸ்டர், ஆம்பளைக்குப் பண்றாங்களாமே."

"இன்னாது?"

"ஆபரேஷன். படகுல எங்க கூட திருமலைன்னு ஒருத்தரு கீறாரு. அவரு பண்ணிகினாராம். யாருக்கும் தெரியாது, போன நடையிலதான் என்னாண்ட சொன்னாரு. வல இழுக்கறாரு, எல்லாம் பண்றாரு."

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் நோட்டுகளைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"பண்றாங்க. பெரிய ஆஸ்பத்திரில. அர மணி நேரம், அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம்" என்றாள் சிஸ்டர். "ஆனா பண்ண ஒடனே நம்பிடக்கூடாது. மூணு மாசம் ஆவணும், டெஸ்ட் பண்ணி விந்துல உயிரணு சுத்தமா இல்லன்னு சொல்லணும். அதுவரிக்கும் பாக்கெட்டுதான். அத்த இவளுக்கும் சொல்லு."

"ஒரு வாரத்துல வெயிட்டு தூக்கலாமா?"

"தூக்கலாம்."

"வலிக்குமா?"

பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருப்பதைப் பார்த்தாள். "வேணாம்யா" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "அத்த இன்னா சொல்லும்? ரெண்டு வருஷம் போனா பார்க்கலாம்னுதான டாக்டரு சொன்னாரு. அவசரப்படாத."

"நீ குந்து" என்றான் அவன்.

சிஸ்டர் ஆபரேஷன் படிவம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். பேர் கேட்டாள். தீபன். அப்பா பேர், சுப்புராயன். வயது, முப்பத்துமூணு. தொழில், மீன்பிடி.

"கொயந்தைங்க எத்தினி?"

"ரெண்டு" என்றான் தீபன்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். ப்ரியாவும் பார்த்தாள். அந்த வீட்டில் பத்து மாதமாக யாரும் அந்தக் கணக்கைச் சொன்னதில்லை. ஒற்றைப் பொண்ணு, ஒற்றைப் பொண்ணு என்றுதான் பேச்சு.

"ரெண்டு சிஸ்டர். மொதல்ல பொண்ணு, அப்பால பையன். பையன் பூட்டான்."

படிவத்தில் உயிரோடு இருக்கிற குழந்தைகளுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. சிஸ்டர் அதில் ஒன்று என்று எழுதினாள். பிறகு பேனாவை எடுக்காமல் கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இருந்த ஓரத்தில் பையன் என்று சின்னதாக எழுதி, அவனிடம் கையெழுத்துப் போடச் சொன்னாள்.